பதில் வரும்வரை நின்ற பஸ்

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பாலக்கரை மருந்துக்கடையில் லூர்துராணி, கணவருக்கான இன்சுலினுக்காக நிற்கிறாள். கடைக் கம்ப்யூட்டர் அரியமங்கலம் குடோனிடம் இருப்பைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வேறொன்றும் செய்யாமல் உறைந்திருக்கிறது. அதைப் பார்த்து மின்விசிறியும் நின்றுவிடுகிறது. எதிர்க்கடையில் ஆற்றிய டீ இரண்டு டம்ளருக்கு நடுவே பழுப்புக் கயிறாகத் தொங்குகிறது. அதன்மேல் காலை வெயில் மினுங்குகிறது. அவள் ஏறவேண்டிய காட்டூர் பஸ், கிளம்பிய புகையோடு அசையாமல் நிற்கிறது. பாலக்கரையில் வாய் மட்டும் எதற்கும் நிற்பதில்லை. "கேள்விய அனுப்பிட்டு, பதில் வர்றப்ப வரட்டும்னு மத்த வேலையப் பாக்கற மாதிரி மாத்திடறேன்க்கா," என்கிறான் கடைக்குப் புரோகிராம் எழுதும் ஆஸ்டின். "ஐயோ, வேணாம் தம்பி! எல்லாம் ஓட ஆரம்பிச்சா பஸ்ஸும்ல ஓடிடும்? மருந்து கைக்கு வரட்டும்." "இது நிக்கிற வரைக்கும் மருந்து இருக்கற ஃபிரிட்ஜும் திறக்காதுக்கா." லூர்துராணி முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு காலை வாசல்படியில் வைத்து, ஒரு கையை உள்ளே நீட்டுகிறாள். "அப்ப சொல்லிட்டுத் தட்டுங்க." மாற்றி எழுதிவிட்டு என்டரைத் தட்டுகிறான். டீ டம்ளரில் விழுகிறது, ஃபிரிட்ஜ் திறக்கிறது, குடோன் பதில் தன் சவுகரியத்துக்கு வந்து சேர்கிறது. நகரும் பஸ்ஸின் கம்பியைப் பிடித்திருக்கிறது மருந்துப் பை தொங்கும் ஒரு கை. சொல்ல மறந்தது ஒன்றுதான்: மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்று பாலக்கரை முழுக்கக் காலை முதல் மாலை வரை மின்சாரம் கிடையாது.