குடும்பத்துக்கு ஒரு ஃபைல்

"மார்புல கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ற வரைக்கும் என்னடி பண்ணிட்டிருந்தே? குளிக்கிறப்போ கூடவா கையில தட்டுப்படலை?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது.

தங்கை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வலிக்கலைக்கா."

"வலிக்கலையாம். வீட்டுல உப்பு தீர்ந்தா தெரியுது, புருஷன் சட்டையில பட்டன் போனா தெரியுது. தன் உடம்பு மட்டும் தெரியலை. எனக்கு மூணு வருஷம் முன்னாடி டைபாய்டு வந்துச்சே, முதல் நாளே டாக்டர் முன்னாடி போய் நின்னேன். தலைமுடி மொத்தமும் கொட்டிச்சு. ஒருத்தரையாவது ஒத்தாசைக்குக் கூப்பிட்டேனா?"

கூப்பிடவில்லைதான். 'ஒட்டிக்கும், இந்தப் பக்கமே வராதே' என்று போனிலேயே சொல்லிவிட்டாள். தங்கைதான் மனசு கேட்காமல், மூன்று மாதம் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய், வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டுத் திரும்பினாள்.

"பத்தொன்பது வயசுல ஒரு பொண்ணு இருக்கா உனக்கு. அவளை நெனச்சாவது பாத்துக்க வேண்டாமா?"

மகளை நினைத்துத்தான் தங்கைக்கு நாலு நாளாகத் தூக்கமில்லை.

"இந்த ஆஸ்பத்திரி வேண்டாம், வேற இடம் போகலாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

"டாக்டர் இங்கதானே எழுதிக் கொடுத்தார்? பரம்பரையா வர்றதான்னு பார்க்கிற டெஸ்ட் இங்க மட்டும்தான் இருக்காம்."

உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை. சுவர் முழுக்க ஃபைல்கள். பதிவு எழுதும் பெண் வெள்ளைத்தாளையும் அளவுகோலையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வட்டம் போட்டா பெண், சதுரம் போட்டா ஆண். நோய் இருந்தா உள்ளே கறுப்பு அடிப்போம். இறந்து போயிருந்தா குறுக்கே ஒரு கோடு."

"வைத்தியம் பார்க்க வந்தா கோலம் போடச் சொல்றீங்க," என்றாள் அக்கா.

"இந்த நோய் சில குடும்பத்துல தலைமுறை தலைமுறையா இறங்கும்மா. ஒருத்தருக்கு இருக்குன்னு தெரிஞ்சா, கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாருக்கும் சொல்லி அனுப்புவோம். வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தா கடுகளவுலயே பிடிச்சிடலாம். எலுமிச்சம்பழம் வரைக்கும் போகாது. உங்க குடும்பத்துல வேற யாருக்காவது..."

"யாருக்கும் இல்லை." கேள்வி முடியவில்லை, அக்கா பதில் சொல்லிவிட்டாள்.

"அம்மாவுக்கு வயித்துல கட்டி வந்துதானே..."

"அது வயிறு. இது வேற. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அக்காவின் போன் அடித்தது. "சம்பந்தியம்மா. எடுக்கலைன்னா வானம் இடிஞ்சு தலையில விழும்," என்று வெளியே போனாள்.

பெரிய பெண்ணைப் போன வருஷம்தான் கட்டிக்கொடுத்தாள். கதவு இடுக்கு வழியாக அக்காவின் குரல் வந்தது. பத்துப் பேர் திரும்பிப் பார்த்த அதே குரல்தான், இப்போது தேனில் முக்கி எடுத்தது போல் இருந்தது. "அதெல்லாம் கவலையே படாதீங்க. எங்க வம்சத்துக்கே இரும்பு உடம்பு."

பதிவு எழுதும் பெண் கணினிப் பக்கம் திரும்பினாள். "இங்க ஆளுக்கொரு ஃபைல் கிடையாதும்மா. குடும்பத்துக்கு ஒண்ணு. உங்க அம்மா பேரு, பிறந்த ஊர், இறந்த வருஷம் சொல்லுங்க."

தங்கை சொன்னாள்.

அவள் தட்டிப் பார்த்தாள். அப்பா பெயரைக் கேட்டு இன்னொரு தடவை தட்டினாள். பிறகு எழுந்துபோய், மேல்தட்டிலிருந்து ஒரு பழுப்பு ஃபைலை எடுத்து வந்தாள்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. பேரெல்லாம் ஒத்துப்போகுது. ஆனா ஒரு இடம் இடிக்குது. உங்க குடும்பம்தானான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

அப்படிக் காட்டியிருக்கக் கூடாதுதான். வெளியே ஆட்கள் காத்திருக்கும் அவசரம். காட்டிவிட்டாள்.

மேலே ஒரு வட்டம், கறுப்பு அடித்து, குறுக்கே கோடு போட்டு. அம்மா. இறந்த வருஷம் சரியாக இருந்தது.

அதன் கீழே இன்னொரு கறுப்பு வட்டம். அக்காவின் பெயர். பக்கத்தில் 'மார்பு' என்று எழுதி ஒரு தேதி. டைபாய்டு வந்த அதே மாதம்.

அதற்கும் கீழே அக்காவின் இரண்டு பெண்கள். வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்த தேதிகள், ஒன்று விடாமல்.

அக்காவுக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு வட்டம்.

"இதுதான் இடிக்குது," என்றாள் பதிவு எழுதும் பெண். "இந்தத் தங்கைக்கு உடனே சொல்லி அனுப்பணும்னு டாக்டர் எழுதியிருக்கார். அப்புறம் தேவையில்லைன்னு அடிச்சிருக்கு. அந்த அக்கா சொன்னதை வெச்சுத்தான் அடிச்சிருக்காங்க. வருஷம் கேட்டு எழுதாம விட்டுட்டாங்க. உங்கம்மாவுக்கு எத்தனை பொண்ணுங்க?"

"ரெண்டே பேர்தான்," என்றாள் தங்கை.

கதவு திறந்தது.

"இன்னுமா முடியலை? ஒரு அம்மா பேரைச் சொல்ல இவளுக்கு அரைமணி நேரம். இப்படி அசமந்தமா இருந்துதான் இவ்வளவு தூரம் வளரவிட்டிருக்கே."

தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய விரல் அந்தக் கடைசி வட்டத்தின் குறுக்குக் கோட்டின் மேலேயே இருந்தது.

"நான் எந்த வருஷம் செத்தேன்னு எழுதாம விட்டிருக்காங்கக்கா. இவங்களுக்குச் சொல்லிடு."