கெடாத சூப்

கெட்டுப்போகட்டும் என்றே மூன்று நாளாக ஃப்ரிட்ஜுக்கு வெளியில் வைத்திருந்த கோழி சூப்பில், தான் உருவாக்கிய நானோ சென்சார் ஸ்ட்ரிப்பை நனைத்தாள் மருமகள். லேபில் கெட்ட கிருமி பட்டதுமே சிவந்துவிடும் ஸ்ட்ரிப், வீட்டில் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"போச்சு மாமா! ரெண்டு வருஷ உழைப்பு வீண். நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு லேபுக்குப் போவேன்?"

மாமனார் நெளிந்தார். "அது வந்தும்மா... ஃப்ரிட்ஜுல வைக்க மறந்துட்டியேன்னு, காலையிலயும் சாயங்காலமும் நான்தான் அதைக் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணி வெச்சேன்."

மருமகள் துள்ளிக் குதித்தாள். "அப்போ சூப்புல கிருமியே இல்ல! என் ஸ்ட்ரிப் சரியாத்தான் சொல்லியிருக்கு!"

அவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. "அப்படின்னா இன்னிக்கும் சூடு பண்ணிடட்டுமா?"

"ஐயோ மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதைக் கொஞ்சம் கெட்டுப்போக விடுங்க!"