இந்த வருஷத்துப் புடவை

"குடுத்து வெச்ச ஆளு சார் நீ. பனிக்காலம் வந்தா போதும், வூட்டம்மாவ இட்டுகினு சொந்தப் படகுல தீவு தீவா சுத்தக் கெளம்பிடற" என்றான் கண்ணாயிரம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கழிமுகத்தில் கட்டியிருந்த பாய்மரப் படகுக்கு வண்ணம் அடிக்க வந்த புது ஆள் அவன். கேசவன் சிரித்து வைத்தார். பாயை ஏற்றிப் பார்க்கக் கயிற்றை இழுத்தவருக்கு நாலாவது இழுப்பிலேயே மூச்சு முட்டியது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு கடல் பக்கமே போகாதீர்கள், கரையிலேயே எத்தனை நாள் என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் போன வாரம் கையை விரித்துவிட்டார். சாவதற்குக் கேசவன் பயப்படவில்லை. தான் போனபின் மனைவி பிரபாவதி தன்னந்தனியாகக் கடலைப் பார்த்துக் காத்துக்கொண்டிருப்பாளே, அதுதான் அவருக்குப் பயம்.

ஊருக்கு அது உல்லாசப் பயணம். உள்ளே இருக்கிற வயிற்றெரிச்சல் ஊருக்கு எங்கே தெரியும்? இருபது வருஷத்துக்கு முன்பு, சுனாமி வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையில் அம்மாவோடு விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயது சஹானாவை அலை வாரிக்கொண்டு போனது. பிரபாவதிக்கு ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பவே ஒன்பது நாள் ஆயிற்று. குழந்தை எங்கே என்று கேட்டாள்.

"அந்தமான் பக்கம் ஏதாவது தீவுல ஒதுங்கியிருப்பா. யாராவது எடுத்து வளர்ப்பாங்க. நான் தேடிக் கொண்டாறேன்" என்றார் கேசவன். கல்பாக்கத்தில் இன்ஜினீயர். வங்கக் கடலைக் குழந்தை மிதந்து தாண்டாது என்பது தெரியாதவரா?

சொன்ன சொல்லுக்காகப் படகு வாங்கினார், ஓட்டக் கற்றுக்கொண்டார். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு கிளம்பினால் மாசியில்தான் திரும்புவார்கள். இப்படியே பதினேழு குளிர்காலம் போய்விட்டது. நீலத் தண்ணீர், வெள்ளை மணல், கரையெல்லாம் தென்னை. படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பிரபாவதிக்கோ முதல் நாலு நாளும் வாந்திதான். தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவள், பெற்ற பாசத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறாள் என்று கேசவனுக்கு மனசை அறுக்கும்.

அதைவிடக் கொடுமை அந்தத் துணி. மகளுக்கென்று வருஷாவருஷம் புதுசு எடுத்துப் பெட்டியில் வைப்பாள். பாவாடை சட்டை, தாவணி, சுடிதார் என்று துணியும் வளர்ந்துகொண்டே வந்தது. மார்கழிப் பௌர்ணமியன்று எந்தத் தீவில் இருக்கிறார்களோ அங்கே அந்த வயதுப் பெண்ணாகப் பார்த்து அதைக் கொடுத்துவிடுவாள். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அடுத்த வருஷம் இது அவளுக்குப் பத்தாதே" என்றாள். கும்பகோணத்துக்காரரான கேசவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அதற்கப்புறம் கேட்டதில்லை.

இனியும் தள்ளிப்போட முடியாது. கண்ணாயிரத்தைப் போகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

கூடத்தில் பிரபாவதி ஒரு மஞ்சள் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயசு ஆகிவிட்டதே, இனிமேல் புடவை கட்டினால்தான் பாந்தமாக இருக்கும் என்றாள்.

கேசவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். அவள் முகம் வெளுத்தது. அவள் வாயைத் திறக்குமுன் மிச்சத்தையும் கொட்டிவிட்டார்.

"பிரபா, சஹானா மூணாம் நாளே கெடச்சிட்டா. நீ நெனவில்லாம கெடந்தே. நான்தான் போய் அடையாளம் காட்டி, அடக்கம் பண்ணேன். சொன்னா நீயும் போயிடுவேன்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. ஒரு பொய் சொன்னேன். அதைக் காப்பாத்தத்தான் உன்னை இத்தனை வருஷமா கடல்ல இழுத்தடிச்சேன்."

கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள், மூர்ச்சையாவாள் என்று எதிர்பார்த்தார். அவள் புடவையின் கடைசி மடிப்பை நீவிவிட்டாள்.

"எங்க செங்கல்பட்டுப் பக்கம், கன்னியா செத்துப்போன பொண்ணுக்கு வருஷம் தவறாம புதுத்துணி வெச்சுப் படைப்போம். பூவாடைன்னு பேரு. படைச்ச துணிய வேற ஒரு பொண்ணுக்குக் கட்டிக்கக் குடுத்துடணும். சஹானா செத்தது மார்கழிப் பௌர்ணமி" என்றாள்.

"அப்போ உனக்கு மொதல்லயே தெரியுமா?" என்றார் கேசவன்.

"அந்த அலையில அவ என் கைக்குள்ளயே அடங்கிட்டா. அப்புறம்தான் என் கை விட்டுச்சு. கண்ண முழிச்சா, நீங்க தீவுல தேடப் போறேன்றீங்க. அந்த நம்பிக்கையும் போச்சுன்னா நீங்க உசுரோட இருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். வாய மூடிகினு கூடவே வந்தேன்."

வெளியே பேருந்து ஒன்று கடந்து போயிற்று. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வெச்சீங்க அவள?"

"வாயலூர்கிட்ட. பாலாத்தங்கரையில."

பிரபாவதி மஞ்சள் புடவையை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"பஸ்ஸுல ஏறினா அரை மணி நேரந்தானே அங்க போவ" என்றாள்.