நாற்பது வயது

"நோயைக் குணமாக்குறதுக்கு நோயையே குடுப்பீங்களா?" என்று கேட்டார் தையல்காரர்.

கேட்ட பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது.

டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. மருந்து ஏற்றியும் பையனின் நெஞ்சுக்குள் கட்டி கொஞ்சம் மிச்சமிருக்கிறது, கதிர் சிகிச்சை கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றிருந்தார். கூடவே, மறைக்காமல் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கதிர் பட்ட இடத்தில் பின்னாளில் புதிதாக ஒரு புற்றுநோய் வரலாம். எல்லோருக்கும் வராது. ஒரு சிலருக்கு வரும்.

தையல்காரர் அந்த ஒரு சிலரைப் பிடித்துக்கொண்டார்.

இந்த நோயும் ஒரு சிலருக்குத்தான் வருமாம். வந்தது என்னவோ அவர் வீட்டுக்கு.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வீட்டில் வாலு என்று கூப்பிடும் பையன் தன் அத்தை மடியில் உட்கார்ந்து அவளுடைய கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தான். போன வருஷம்தான் பள்ளியில் சேர்த்தது. அந்தச் சின்ன நெஞ்சின் அளவு அப்பாவின் விரல்களுக்கு மனப்பாடம். அதற்குள் எதையோ விதைத்து அனுப்புகிறோம் என்கிறார்களே.

பக்கத்தில் மனைவி வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். கேள்வி கேட்பது அவர் பாடு, வீட்டுக்குப் போய் அழுது தீர்ப்பது அவள் பாடு என்றாகியிருந்தது.

"வந்தா எப்ப வரும்?" அவர் விடவில்லை.

"பெரும்பாலும் ரொம்ப வருஷம் கழிச்சுதான். முப்பது வயசுல, நாப்பது வயசுல. அதனாலதான் காலம்பூரா செக்கப்புக்கு வரச் சொல்றோம்."

மனைவி நிமிர்ந்தாள்.

"யாருக்கு நாப்பது வயசு?"

அவருக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு நேரம் இவள் எதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்?

"உங்க பையனுக்குத்தாம்மா."

அவள் அந்த எண்ணை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் இதுவரை யாரும் அடுத்த மாதத்தைத் தாண்டிப் பேசியதில்லை. தாண்டி நினைக்க அவளுக்கும் துணிவு வந்ததில்லை.

"உறுதியா சொல்ல முடியாதும்மா..." டாக்டரம்மா அவசரமாகக் குறுக்கிட்டார்.

"தெரியுது டாக்டர்." கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் யாரையோ அதட்டுவது போல் வந்தது. "நாப்பது வயசுல இவரை மாதிரியே தொப்பை போட்டுக்கிட்டு நிப்பான். செக்கப்புக்கு வாடான்னா, எனக்கு வேலையிருக்கு, சும்மா போம்மான்னு சண்டைக்கு வருவான்."

அப்படி ஒரு சண்டை அந்த வீட்டில் நடக்கக்கூடும் என்று தையல்காரருக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்.