சீம்பாலுக்கு வாங்கிய கருப்பட்டி

கன்று அவன் மடியில் கிடந்தது.

பிறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வைக்கோலால் துடைத்தும் காதுக்குள் ஈரம் இருந்தது. அவன் சுண்டுவிரலைக் கவ்விச் சப்பியது. பால் வராததில் அதற்குக் கோபம்.

"பொறு சாமி" என்றான்.

பசுவின் பின்னால் நஞ்சுக்கொடி தொங்கிக்கொண்டிருந்தது. அது விழும்வரை கன்றுக்குக் காம்பைக் காட்டக் கூடாது. அவனுக்குத் தெரிந்த எல்லாத் தொழுவத்திலும் அதுதான் வழக்கம்.

போன ஈற்றுக் கன்றையும் இப்படித்தான் வைத்திருந்தான். விடியலில் பிறந்தது, பொழுது சாய்ந்துதான் பால் குடித்தது. ஐந்தாம் நாள் கழிச்சலில் போய்விட்டது.

வேலியோரம் குழி வெட்டி மூடிவிட்டு வந்தவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டான். அவன் மனைவியும் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

அதனால்தான் இந்த முறை சினையாக இருக்கும்போதே டாக்டரை வரவழைத்து, கன்றுக்குக் கழிச்சல் வராமலிருக்கப் பசுவுக்கு ஊசி போட்டார்கள். கழுத்தைக் கட்டிப் பிடித்தது அவன். குத்தும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டதும் அவன்தான். பசு பாட்டுக்கு அசைபோட்டபடி நின்றது.

டாக்டர் சொன்னதெல்லாம் அன்று அவன் காதில் ஏறவில்லை. அவள் கேட்டு வைத்திருந்தாள்.

இப்போது எதிரில் வந்து குந்தினாள்.

"ஏனுங்க, ஊசி மருந்தோட பலன் சீம்பால் வழியாத்தான் கண்ணுக்குட்டிக்குப் போகோணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடிக்கோணும்னாரு டாக்டரு. நஞ்சு உளுகற வரைக்கும் பட்டினி போட்டா ஊசி எதுக்குங்க?"

அவன் நஞ்சுக்கொடியைப் பார்த்தான். கன்றைப் பார்த்தான். விரலை விடுவித்துக்கொண்டான்.

தூக்கிப்போய்ப் பசுவின் அருகே நிறுத்தினான். நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. இரண்டு தடவை பசுவின் தொடையைச் சப்பி ஏமாந்தது. மூன்றாவதில் காம்பு கிடைத்தது.

வால் ஆடத் தொடங்கியது.

கடைவாயில் மஞ்சள் நுரை.

சீம்பால் என்றால் அவனுக்கு உயிர். அதற்காகவே போன வாரம் ஒரு கருப்பட்டி வாங்கி வைத்திருந்தான். அவள் உள்ளே போய் அதை எடுத்து வந்தாள்.

"அது வயிறு நெறையக் குடிக்கட்டும். மிச்சத்துல உங்களுக்குக் காய்ச்சித் தாரேன்."

அவன் கருப்பட்டியை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். வெகுநேரம் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன தடவ அதுக்கும் இப்பிடித்தான பசிச்சிருக்கும்?"

அவள் அவன் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

அவன் கருப்பட்டியைத் துண்டு துண்டாக உடைத்து, முழுவதையும் பசுவுக்கே கொடுத்தான்.