ஆராய்ச்சி ஆடுகள்

"ஆடுங்களைப் பார்க்கணும், கஃபார் பாய்" என்றார் வருமான வரி இன்ஸ்பெக்டர் ஜெயகரன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி நடத்தும் அப்துல் கஃபார் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எந்த ஆடு சார்?"

"நீங்க எழுதிக் குடுத்த ஆடுதான். ஒடுகத்தூர்ல நாற்பது ஆட்டை வெச்சு, தோல்ல ஓட்டை விழாம வளர்க்கறது எப்படின்னு மூணு வருஷமா ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்லி வரியைக் குறைச்சிருக்கீங்களே!"

கஃபார் கணக்குப்பிள்ளை ரஷீத் அஹமதைப் பார்த்தார். ரஷீத் கூரையைப் பார்த்தார்.

யோசனை ரஷீதுடையது. விவசாயம், கால்நடை என்று ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிற கம்பெனிக்கு அரசாங்கம் வரிச்சலுகை தருகிறது. நாமும் எழுதினால் என்ன? பேருக்கு ஓர் ஆராய்ச்சியாளர் வேண்டுமே என்று, ஒடுகத்தூர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் மகள், பி.எஸ்ஸி. படித்த ஜெபகனிக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஒண்ணாந்தேதி பஸ்ஸில் வருவாள். கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிப் போவாள். ஆட்டைப் பற்றி கஃபார் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆடு இருந்தால்தானே கேட்பதற்கு!

"வெயில் ஜாஸ்தியா இருக்கு சார். பிரியாணி சாப்பிட்டுட்டு, நாளைக்கு நிதானமா..."

"ஜீப் வெளியதான் நிக்குது. ஏறுங்க."

அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயம். இந்த நேரத்தில் பேர் கெட்டால்? மாதனூர் தாண்டியதும் கஃபார் மெல்ல ஆரம்பித்தார்.

"ஊர்ப்பக்கம் நோய் வந்து ஆடுங்க செத்துப் போய்ட்டதா கேள்வி சார்."

"நாற்பதுமா?"

"ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கலாம்."

ஜெயகரன் சிரிக்கவில்லை.

ஒடுகத்தூரில் ஜெபகனி எங்கே என்று விசாரித்துக்கொண்டு மலையடிவாரம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஜெபகனி ஒரு தகரத் தொட்டியில் ஆட்டை முக்கிக்கொண்டிருந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. சுற்றிலும் கழுத்தில் நம்பர் வில்லை கட்டிய ஆடுகள்.

கஃபாருக்கு வாய் மூடவில்லை. ஜெயகரன் எண்ணினார். முப்பத்தெட்டு.

"ரெண்டு கம்மியா இருக்கே?"

"ஆடு ஊர்க்காரங்களோடது சார். போன வாரம் ரெண்டை வித்துட்டாங்க. தோலை மட்டும் நான் வாங்கி வெச்சிருக்கேன்."

உள்ளே போய் இரண்டு தோல்களைக் கொண்டுவந்தாள்.

"இது தொட்டியில முக்காத ஆடு. உண்ணி கடிச்ச ஓட்டையைப் பாருங்க. இது மாசத்துக்கு ரெண்டு தடவை முக்கினது. புங்க எண்ணெயும் பார் சோப்பும்தான் மருந்து."

கஃபார் அந்த இரண்டாவது தோலைப் பிடுங்காத குறையாக வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நிற்பதே மறந்துபோனது.

"முதல் ரகம்மா இது! இந்த மாதிரி சரக்குக்கு நான் கல்கத்தா வரைக்கும் ஆள் அனுப்பறேன்!"

"மூணு வருஷமா உங்க ஆராய்ச்சிதான் முதலாளி. இப்பதான் பார்க்கறீங்களா?"

கஃபாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஜெபகனியின் நோட்டுகளை ஜெயகரன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூடினார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆராய்ச்சிக்கு ஜீப் டீசல்னு கணக்கு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் அடிச்சுடறேன். இந்தம்மா நோட்டுல பஸ் டிக்கெட்தானே ஒட்டியிருக்கு?"

"அடிங்க சார், தாராளமா அடிங்க!"

அவர் ஜீப்புக்குப் போனதும் கஃபார் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இதெல்லாம் செய்யச் சொல்லி யார் சொன்னது?"

"நீங்கதான். வேலை ஆர்டர்ல நாற்பது ஆடுன்னு எழுதியிருந்துச்சே."

கஃபார் கையிலிருந்த தோலை மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"என் மானத்தைக் காப்பாத்திட்டே. இன்னா வேணும் கேளு."

"சுத்துப்பட்டு ஊர்லல்லாம் இந்த மாதிரி தொட்டி கட்டணும் முதலாளி. நல்ல தோலுக்கு ஊர்க்காரங்களுக்கு நல்ல விலை தரணும்."

"ஆவட்டும், கட்டிடலாம். ஆனா ஒண்ணுதான் புரியல. இத்தனை டேனரி இருக்கச்சே இந்த மனுஷன் எப்படி நேரா என்கிட்ட வந்தாரு?"

ஜெபகனி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மாசாமாசம் ரிப்போர்ட் அனுப்பினேன். ஒண்ணையாவது நீங்க பிரிச்சுப் பார்க்கல. உங்களை இங்க வரவழைக்க வேற வழி தெரியல முதலாளி. அதான், 'கஃபார் டேனரியில ஆடே இல்லாம ஆராய்ச்சி நடக்குது'ன்னு என் பேர் போடாம வரி ஆபீசுக்கு நான்தான் ஒரு கார்டு எழுதினேன்."