கீழ்த்தளத்தில் யாரோ குளிக்கிறார்கள்

கீழ்த்தளக் குளியலறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ தினமும் குளிக்கிறார்கள். சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்கள் வியர்வை போகக் குளித்துவிட்டு மாடி ஏறட்டும் என்று கட்டிய அறை அது. ஆனால் அந்த அலுவலகத்தில் ஒருவரிடமும் சைக்கிள் இல்லை.

பராமரிப்புப் பொறியாளருக்கு இந்த மர்மம் தூக்கத்தைக் கெடுத்தது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் ஓடிப்போய் அணைப்பாள் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'சுவிட்ச் அக்கா' என்று பெயர்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகச் செலவழிக்கும் கட்டடங்களுக்குப் பசுமைச் சான்றிதழ் தருகிறார்கள். அதற்காக அவள் நாயாய் அலைந்திருந்தாள். மழைநீர்த் தொட்டி கட்டியாயிற்று. கை கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்குத் திருப்பியாயிற்று. ஜன்னல்களுக்கு வெயில் தடுக்கும் கண்ணாடி போட்டதில் மின்சாரக் கணக்கும் தேறிவிட்டது.

தண்ணீர்க் கணக்குதான் மயிரிழையில் உதைத்தது. அந்த மயிரிழை முழுக்கக் கீழ்த்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் முதலாளியிடம் போனாள். எங்காவது ஒரு குழாய் சொட்டினால் தானே வந்து முன்னால் நிற்பவர் அவர். பேச்சில் அதைவிடச் சிக்கனம்.

"சார், கீழ்த்தளத்துல தினமும் யாரோ ஷவரைத் திறந்து விட்டுடறாங்க. அரை மணி நேரம் ஓடுது."

முதலாளி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மீட்டர் கெட்டுப் போயிருக்கும்."

"புது மீட்டர் மாத்திப் பாத்துட்டேன் சார்."

"அதையும் மாத்துங்க."

சொட்டுத் தண்ணீருக்குக் கணக்குக் கேட்கிற மனுஷர் இப்படிக் கைகழுவிவிட்டாரே என்று அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. சரி, நாமே பிடிப்போம் என்று முடிவு கட்டினாள்.

அவளுடைய சந்தேகம் கணக்கர் மேல். மதியமானால் அந்த ஆள் இருக்கையில் இருக்கமாட்டார். திரும்பி வரும்போது முகம் பளிச்சென்று, தலை படிய வாரியிருக்கும்.

மறுநாள் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டுக் கீழே இறங்கினாள். வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, குளியலறை வாசலில் போய் நின்றாள். உள்ளே ஷவர் கொட்டிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டிய கேள்வியையெல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நிறுத்திக்கொண்டு, கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஒரு பாட்டு.

ஒரே வரிதான். மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் பிசிறியது, நின்றது, மறுபடியும் முதலிலிருந்து கிளம்பியது. மறுபடியும் பிசிறியது. அவளும் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினாள். கடைசியில் ஒருவழியாகக் குரல் உச்சிக்குப் போய் உட்கார்ந்தபோது, அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"யாரு மேடம் உள்ள?"

காதருகே கிசுகிசுத்த குரலைக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால் கணக்கர்.

"அப்போ உள்ள நீங்க இல்லையா?"

"நான் கார்ல ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு, முகம் கழுவிட்டு வரேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அவரும் கதவில் காதை வைத்தார். "ஆனா யாரா இருந்தாலும் நல்லாத்தான் பாடுறாங்க."

உள்ளே இருப்பவர் குளிக்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று தண்ணீரைத் திறந்துவிட்டு, அதற்குள் குரலை ஒளித்து வைத்துக்கொண்டு பாடுகிறார். நாக்கு நுனியில் நிறுத்திய கேள்விகள் எல்லாம் எங்கோ இறங்கிப் போய்விட்டன.

மெதுவாகக் கதவைத் தட்டினாள். பாட்டு சட்டென்று அறுந்தது.

"உள்ள இருக்கறது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம்," என்றாள். "குழாயை மூடிட்டுப் பாடுங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கு."

தண்ணீர் நின்றது. யாரென்று பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று நின்ற கணக்கரைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் அந்தக் குரல் மறுபடி வந்தது. முதலில் கூச்சத்தோடு, பிறகு துணிச்சலாக.

அன்றோடு கீழ்த்தள மீட்டர் அடங்கிவிட்டது. பாடகர் யாரென்று அவள் தேடவில்லை. லிஃப்டில் எதிர்ப்பட்டவர்களின் தொண்டையையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவைத்தாள், அவ்வளவுதான்.

சான்றிதழுக்கான ஆய்வாளர் அம்மா வந்தார். மொட்டைமாடியிலிருந்து கீழ்த்தளம்வரை ஒரு மூலை விடாமல் பார்த்துவிட்டு, முதலாளியின் அறையில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் திருப்தியா இருக்கு. ஒரு விஷயம்தான் புரியல," என்று பொறியாளர் பக்கம் திரும்பினார். "கீழ்த்தளத்துல அவ்வளவு தண்ணி போயிட்டு இருந்திருக்கு. ஒரே நாள்ல நின்னிருக்கு. அப்படி என்ன கருவி வச்சீங்க? இதைத் தெரிஞ்சுக்காம நான் கையெழுத்துப் போட முடியாதே."

உண்மையைச் சொன்னால் யாரோ ஒருவரின் மானம் அலுவலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்துப் போகும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

"அது வந்து..." என்று இழுத்தாள்.

முதலாளி கோப்பை மூடினார். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கருவி ஒண்ணும் வைக்கலீங்க. குழாயை மூடிட்டுப் பாடச் சொன்னாங்க, மூடிட்டேன்."